பேஸ்மேக்கர் வச்ச பிறகு திரும்பக் கார் ஓடுறது எப்பிடி: பிரிட்டனில இருக்கிற எங்கட ஆக்களுக்கு முழு வழிகாட்டி

என்ர மனுசனுக்கு பேஸ்மேக்கர் வச்சு வீட்டை வந்த அண்டைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி "நான் எப்ப கார் எடுக்கலாம்?" எண்டது தான். எனக்கு மறுமொழி தெரியேல்லை. டிஸ்சார்ஜ் கடிதத்தில ஒரு வரி கிடந்தது, டிவிஎல்ஏ-க்கு (லைசென்ஸ் குடுக்கிற அரசாங்க அலுவலகம்) அறிவிக்கவும் எண்டு, அவ்வளவு தான். பிறகு நானே தேடி வாசிச்சு, ஃபோம் நிரப்பி, கடிதம் வரும் வரைக்கும் பாத்திருந்து எல்லாம் முடிச்சன். அதுக்குப் பிறகு சொந்தக்காரர், கோயில்ல கண்டு கேட்ட ஆக்கள், மகளின்ர தமிழ்ப் பள்ளிக்கூடத்து அப்பா அம்மா எண்டு கன பேருக்கு எங்கட சாப்பாட்டு மேசையில வச்சு இதே ஃபோமை நிரப்பிக் குடுத்திருக்கிறன்.

எல்லாரும் பிழை விடுறது ஒரே இடத்தில தான். கார் ஓடாமல் நிக்கிற காலம் ஒண்டு, டிவிஎல்ஏ-க்குச் சொல்லுறது இன்னொண்டு. இந்த ரெண்டையும் ஒண்டாக் குழப்பிப் போடுகினம். ஒரு ஐயா கடிதம் வரேல்லை எண்டு 5 மாதம் காரைத் தொடாமல் இருந்தார், ஒரு கிழமையில ஓடியிருக்கலாம். இன்னொரு தம்பி மூண்டாம் நாளே வேலைக்கு வானை எடுத்துக்கொண்டு போட்டார், ஃபோம் அனுப்பினா லைசென்ஸைப் பறிச்சுப் போடுவாங்கள் எண்ட பயத்தில ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை.

கீழ இருக்கிறது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆக்களுக்கு. வட அயர்லாந்தில டிவிஏ எண்டு வேற ஒரு அலுவலகம், ஃபோமும் வேற. உங்கட டொக்டர் இதை விடக் கூட நாள் சொன்னா டொக்டர் சொன்னது தான் கணக்கு.

1. தொடங்க முந்தி மேசையில எடுத்து வைக்க வேண்டியது

டிஸ்சார்ஜ் கடிதம். பேஸ்மேக்கர் அடையாள அட்டை, அது ஒப்பரேசன் முடிய ஆஸ்பத்திரியில தருவினம், சின்னக் கார்ட், அதில கருவியின்ர பேர், மொடல், வச்ச திகதி எல்லாம் இருக்கும். லைசென்ஸ் கார்ட். ஜிபி-யின்ர பேரும் விலாசமும், இதய கொன்சல்டன்ட்டின்ர பேரும் அவர் இருக்கிற ஆஸ்பத்திரி விலாசமும். குடிக்கிற மருந்துப் பெட்டியள்.

இதை முதல்ல எடுத்து வைக்கச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. பாதி ஃபோமில நிண்டு கொன்சல்டன்ட்டின்ர பேர் தெரியாமல் எழும்பிப் போறவை பிறகு வந்து இருக்கிறதே இல்லை, அந்த ஃபோம் அப்பிடியே ஃபிரிட்ஜுக்கு மேல கிடக்கும். டிஸ்சார்ஜ் கடிதம் துலைஞ்சு போச்செண்டா ஜிபி ரிசெப்ஷன்ல ஒரு கொப்பி கேளுங்கோ, கன இடத்தில என்எச்எஸ் ஆப்பிலயும் பாக்கலாம்.

2. ஏன் வச்சவை எண்டதை முதல்ல தெரிஞ்சு கொள்ளுங்கோ

"பேஸ்மேக்கர் வச்சிருக்கு" எண்டு மட்டும் சொன்னா காணாது. இதயத் துடிப்பு மெதுவாப் போனதுக்கு வச்சதோ, ஹார்ட் பிளாக் (துடிக்கச் சொல்லுற மின் சைகை இதயத்துக்குள்ள தடைப்படுறது) எண்டு சொன்னவையோ, மயங்கி விழுந்து அம்புலன்ஸில கொண்டு போய் வச்சதோ, மாரடைப்புக்குப் பிறகு வச்சதோ? பெட்டிக்கு, அதாவது அந்தக் கருவிக்கு, கார் ஓடாமல் நிக்கிற ஒரு காலம் இருக்கு, அது வைக்கக் காரணமான வருத்தத்துக்கு இன்னொரு காலம் இருக்கலாம். ரெண்டில எது நீளமோ அது தான் உங்களுக்கு.

இந்த இடத்தில எங்கட பாசை ஒரு சிக்கல் குடுக்குது. "மயக்கமா இருந்தது" எண்டு நாங்கள் எதுக்கும் சொல்லுவம். தலை சுத்தினாலும் மயக்கம், பசியில கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு இல்லாமல் விழுந்து கிடந்தாலும் மயக்கம். டிவிஎல்ஏ-க்கு இது மூண்டும் ஒண்டில்லை. அவை கேக்கிறது பிளாக் அவுட், அதாவது நினைவு தப்பினதோ எண்டு. ஒரு அம்மாவுக்கு மகன் பக்கத்தில இருந்து மொழிபெயர்க்க, அம்மா "மயக்கம் வந்தது" எண்டு சொல்ல, மகன் "நினைவு தப்பி விழுந்தவ" எண்டு எழுதப் போனார். நான் நிப்பாட்டிக் கேட்டன், அம்மா, நீங்கள் விழுந்தனீங்களோ, இல்லாட்டிக் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்களோ எண்டு. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ, ஆக்கள் கதைச்சதும் கேட்டதாம். அப்ப அது தலைச்சுத்து.

மற்றப் பக்கமும் பிழை விடாதேங்கோ. உண்மையா நினைவு தப்பினதைத் தலைச்சுத்து எண்டு குறைச்சு எழுதக்கூடாது. ஆஸ்பத்திரி ரெக்கோர்ட்ல என்ன இருக்கோ அதைத் தான் டிவிஎல்ஏ கேட்டு எடுக்கும், ரெண்டும் பொருந்தாட்டி உங்கட மற்ற மறுமொழியளையும் நம்பமாட்டினம். வாய்ச் சொல்லில தடுமாறுறவை ஆஸ்பத்திரி அப்பொயின்மென்ட்டுக்கு முந்தியே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு சொல்லி வையுங்கோ, என்எச்எஸ்-ல அதுக்குக் காசில்லை. பிள்ளையளை வச்சுக் கதைக்கிறது சாப்பாட்டுக் கடைக்குச் சரி, இதுக்குச் சரிவராது.

டொக்டரிட்ட கேக்க வேண்டிய கேள்வி இவ்வளவும் தான்: எனக்கு ஏன் வச்சனீங்கள், நினைவு தப்பினது எண்டு என்ர ரெக்கோர்ட்ல இருக்கோ, எண்டைக்கு நான் திரும்பக் கார் ஓடலாம். மூண்டாவதுக்கு ஒரு திகதியா மறுமொழி கேளுங்கோ, கடிதத்தில எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ.

3. நெஞ்சுக்குள்ள இருக்கிறது எந்தப் பெட்டி

வெளியால பாத்தா எல்லாம் தோலுக்குக் கீழ ஒரு சின்ன மேடு தான். ஆனா வகை வேற.

சாதாரண பேஸ்மேக்கர் துடிப்பு மெதுவாகேக்க தட்டிக் குடுக்கிறது. ஐசிடி எண்டது ஆபத்தான வேகத் துடிப்பு வந்தா ஷொக் அடிச்சு நிப்பாட்டுறது. சிஆர்டி எண்டது பலவீனமான இதயத்தின்ர ரெண்டு பக்கத்தையும் ஒண்டா அடிக்க வைக்கிறது, அதில பி எண்டு முடிஞ்சா பேஸ்மேக்கர் மாதிரி, டி எண்டு முடிஞ்சா ஷொக் அடிக்கிற வேலையும் அதுக்குள்ள இருக்கு, அப்ப ஐசிடி விதி தான் பொருந்தும்.

அடையாள அட்டையைப் பாத்துச் சரி பாருங்கோ. "எல்லாம் பேஸ்மேக்கர் தானே" எண்டு ஐசிடி வச்ச ஒருத்தர் ஒரு கிழமையில ஓடத் தொடங்கினவர். அவருக்கு இருந்த காலம் 6 மாதம்.

4. லைசென்ஸ் கார்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கோ

டிவிஎல்ஏ ஆக்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு வச்சிருக்கு. கார், மோட்டார் சைக்கிள் முதல் குறூப். லொறி, பஸ் ரெண்டாவது குறூப், அதுக்கு விதி கடுமை, ஏனெண்டா வாகனம் பெரிசு, ஓடுற நேரமும் கூட.

1997 ஜனவரி 1-க்கு முந்தி இஞ்சை கார் டெஸ்ட் பாஸ் பண்ணின பழைய ஆக்களின்ர கார்டில சி1, டி1 எண்டு ரெண்டு வகையும் தானா வந்திருக்கும். சி1 எண்டா 7.5 தொன் வரைக்கும் லொறி, டி1 எண்டா மினிபஸ். எண்பதுகளில வந்த எங்கட மாமாமாருக்கு இது இருக்கெண்டே தெரியாது. கோயில் மினிபஸ்ஸையும் பள்ளிக்கூட ட்ரிப்புக்கு வானையும் ஓடிக்கொண்டு இருப்பினம். நீங்கள் கார் மட்டும் தான் ஓடுறனீங்கள் எண்டா முதல் குறூப் விதி காணும். அந்த மினிபஸ்ஸைத் தொடுறதெண்டா உங்களுக்கு எந்தக் குறூப் விதி பொருந்தும் எண்டு முதல்ல டிவிஎல்ஏ-யிட்ட கேளுங்கோ.

5. நாள் எண்ணுறது

கார் ஓடுறவைக்கு:

சாதாரண பேஸ்மேக்கர் எண்டா 1 கிழமை. பெட்டியை மட்டும் மாத்தினாலும் அதே 1 கிழமை தான். ஒப்பரேசன் நடந்த நாளில இருந்து எண்ணுங்கோ, வீட்டை வந்த நாளில இருந்தோ டிவிஎல்ஏ கடிதத்தில இருந்தோ இல்லை.

மயங்கி விழுந்து, காரணம் கண்டுபிடிச்சு, அதுக்குத் தான் பேஸ்மேக்கர் வச்சதெண்டா உங்கட டொக்டர் 4 கிழமை எண்டு சொல்லவும் கூடும், ஏனெண்டா இதயத்தால வந்த மயக்கத்துக்கு, காரணம் தெரிஞ்சு வைத்தியம் செய்தா 4 கிழமை எண்டு தனியா ஒரு விதி இருக்கு. காரணம் தெரியாத மயக்கம் எண்டா 6 மாதம். இதால தான் ரெண்டாவது படியில அவ்வளவு நேரம் மினக்கெட்டனான்.

ஐசிடி எண்டா, ஆபத்தான துடிப்பு ஏற்கெனவே வந்து அதால வச்சவைக்கு 6 மாதம். ஒண்டும் வராமல் முன்னெச்சரிக்கையா வச்சவைக்கு 1 மாதம். பெட்டியில இருந்து இதயத்துக்குப் போற வயரை மாத்தினா 1 மாதம், பெட்டி மட்டும் எண்டா 1 கிழமை. பிறகு எப்பவாவது ஷொக் அடிச்சா உடன நிப்பாட்டி டிவிஎல்ஏ-க்குச் சொல்லோணும். ஏன் அடிச்சது, அடிக்கேக்க நினைவு தப்பினதோ எண்டதைப் பொறுத்து அந்தக் காலம் 1 மாதத்தில இருந்து 2 வருசம் வரைக்கும் போகும். நீங்களா முடிவெடுக்கிற விசயமில்லை இது.

லொறி, பஸ் ஓடுறவைக்கு பேஸ்மேக்கர் எண்டா 6 கிழமை. ஐசிடி வச்சா அந்த லைசென்ஸ் திரும்ப வராது, நிரந்தரமா முடிஞ்சுது. இதைச் சொல்லேக்க எனக்கும் கஸ்டமாத் தான் இருக்கும், வீட்டுக் கடனோட இருக்கிற மனுசரிட்ட சொல்லுறது லேசில்லை, ஆனா ஒளிச்சு வச்சு ஓடி நடுவீதியில ஷொக் அடிச்சா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஐசிடி வைக்கப் போகினம் எண்டு தெரிஞ்ச உடனேயே கார் ஓடாத வேற வேலை ஒண்டைப் பற்றி முதலாளியோட கதைக்கத் தொடங்குறது நல்லது.

ஏன் பேஸ்மேக்கருக்கு ஒரு கிழமையாவது வேணும்? புதுசா வச்ச வயர் இதயத்துக்குள்ள பிடிச்சு நிக்க நாள் எடுக்கும். இடம் மாறுறதெண்டா அனேகமா முதல் நாள்களில தான் மாறும், மாறினா பெட்டி தட்டுறது இதயத்துக்குப் போய்ச் சேராது, பழைய தலைச்சுத்து திரும்ப வரும். அது சோஃபாவில இருக்கேக்க வந்தாப் பரவாயில்லை.

6. டிவிஎல்ஏ-க்குச் சொல்லுறது

சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுக்கு. டொக்டருக்கில்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை. "அவை சொல்லியிருப்பினம் தானே" எண்டு கன பேர் இருக்கினம், சொல்லமாட்டினம். ஓட வேண்டாம் எண்டு சொல்லியும் நீங்கள் ஓடுறது தெரிஞ்சா மட்டும் டொக்டர் உங்கட சம்மதம் இல்லாமலே டிவிஎல்ஏ-க்கு அறிவிக்கலாம். சொல்லாமல் விட்டா 1,000 பவுண்ஸ் வரைக்கும் தண்டம், ஆக்சிடென்ட் நடந்தா வழக்கும் வரலாம்.

எப்பிடிச் சொல்லுறது: அரசாங்க வெப்சைட்டில பேஸ்மேக்கரும் ட்ரைவிங்கும் எண்ட பக்கத்துக்குப் போங்கோ. கார், மோட்டார் சைக்கிளுக்கு எச்1 எண்ட ஃபோம். பஸ், லொறிக்கு விஓசிஎச்1. ஐசிடி வச்சவை ஐசிடி-க்கு எண்டு இருக்கிற பக்கத்தைத் தேடி எடுங்கோ. பிரின்ட் எடுத்து நிரப்பி ஃபோமில இருக்கிற சுவான்சி விலாசத்துக்கு அனுப்புங்கோ. வெப்சைட்டிலயே நேர சொல்லுற வழியும் இருக்கு, கொம்பியூட்டர் பழக்கம் இருந்தா அது சுகம்.

வழமையா நடக்கிற பிழையள், நான் கண்ணால கண்டது:

கடைசிப் பக்கத்துக் கையெழுத்து. உங்கட டொக்டரிட்ட கேட்டு விபரம் எடுக்க டிவிஎல்ஏ-க்குச் சம்மதம் குடுக்கிற இடம் அது. அதில கையெழுத்தும் திகதியும் இல்லாட்டி ஃபோம் திரும்பி வரும், போற கிழமையள் வீண். தபாலுக்குப் போட முந்தி நான் எப்பவும் கடைசிப் பக்கத்தைத் தான் முதல்ல பாப்பன்.

லைசென்ஸ் கார்டையும் சேத்து அனுப்புறது. பயத்தில செய்யிற வேலை. ஒரு கிழமை ஓடாமல் இருக்கிறதுக்கு லைசென்ஸை ஒப்படைக்கத் தேவையில்லை. 3 மாதம் அல்லது அதுக்கு மேல ஓடக்கூடாது எண்டு டொக்டர் சொன்னா நீங்களா ஒப்படைக்கோணும். ஐசிடி வச்சு 6 மாதம் நிக்கிறவைக்கு அது ஒரு விதத்தில நல்லம் கூட, அவை பறிச்சதா இல்லாமல் நீங்களாக் குடுத்ததா இருந்தா திரும்ப எடுக்கிறது சுகம், கீழ 7-ம் படியில காரணம் இருக்கு.

திகதியளை ஊகத்தில எழுதுறது. "மாசி மாதம் போல" எண்டு மனுசி சொல்லுவா, மனுசன் பங்குனி எண்டு எழுதுவார். அடையாள அட்டையைப் பாத்து எழுதுங்கோ.

கேக்காததை எழுதுறது. நீரிழிவு, முழங்கால் நோ, கொலஸ்ட்ரோல் எண்டு பக்கம் பக்கமா எழுதி, அதுகளுக்கும் தனித்தனி ஃபோம் அனுப்பட்டாம் எண்டு வந்த ஒரு அன்ரியைக் கண்டனான். கேட்ட கேள்விக்கு உண்மையான, முழு மறுமொழி குடுங்கோ, அவ்வளவு தான். ஆனா இன்சுலின் போடுறவை அதைத் தனியா அறிவிக்கோணும், அது வேற விதி.

கொப்பி எடுக்காமல் அனுப்புறது. போனில ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கோ. தபால் கந்தோரில அனுப்பின அத்தாட்சி கேட்டா காசில்லாமல் தருவினம், அதையும் படம் எடுங்கோ. நீங்கள் சொன்னனீங்கள் எண்டதுக்கு உங்களிட்ட இருக்கிற சாட்சி அது தான்.

டிவிஎல்ஏ உங்கட டொக்டரிட்ட ரிப்போர்ட் கேட்டா அந்தச் செலவு அவையின்ரது. ஜிபி ரிசெப்ஷன்ல காசு கேட்டா ஒருக்கா விளக்கம் கேளுங்கோ.

7. மறுமொழிக் கடிதம் வர முந்தி ஓடலாமோ

எல்லாரும் கேக்கிற கேள்வி. உங்கட லைசென்ஸின்ர காலம் முடியாமல் இருந்து, சொன்ன 1 கிழமையும் முடிஞ்சு, ஓடலாம் எண்டு டொக்டரும் சொல்லி, டிவிஎல்ஏ-க்கும் அறிவிச்சுப் போட்டீங்கள் எண்டா கடிதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஓட வேண்டாம் எண்டு டிவிஎல்ஏ எழுதினா உடன நிப்பாட்டோணும். முதல்ல சொன்ன ஐயா 5 மாதம் சும்மா இருந்தது இதைத் தெரியாமல் தான், மனுசி டயாலிசிஸுக்குப் போறவ, வாரத்துக்கு மூண்டு தரம் மினிகாப்புக்குக் காசு குடுத்தவர்.

லைசென்ஸ் காலம் இடையில முடிஞ்சு போச்சு, புதுப்பிக்க அனுப்பியாச்சு, கார்ட் வரேல்லை எண்டா அப்ப 1988-ம் ஆண்டு ரோட் ட்ராஃபிக் சட்டத்தின்ர 88-ம் பிரிவு கைகுடுக்கும். விண்ணப்பம் டிவிஎல்ஏ-யிட்ட இருக்கேக்கயே ஓடலாம் எண்டு அது சொல்லுது, ஆனா நிபந்தனை இருக்கு: நீங்கள் ஓடத் தகுதி எண்டு டொக்டர் சொல்லியிருக்கோணும், முந்தி செல்லுபடியான லைசென்ஸ் இருந்திருக்கோணும், அதில இருந்த வகை வாகனம் தான் ஓடலாம், விண்ணப்பம் போட்டு 12 மாதம் தாண்டக்கூடாது, நீதிமன்றத் தடை ஒண்டும் இருக்கக்கூடாது, கடைசி லைசென்ஸை வருத்தம் காரணமா டிவிஎல்ஏ பறிச்சிருக்கவோ மறுத்திருக்கவோ கூடாது. கடைசி நிபந்தனை தான் முக்கியம். அவை பறிச்சா இந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை, நீங்களா ஒப்படைச்சிருந்தா இருக்கு.

பொலிஸ் மறிச்சா காட்ட டொக்டரின்ர கடிதத்துப் படமும் தபால் அத்தாட்சியும் போனில இருந்தா நல்லம்.

8. இன்சூரன்ஸ்

சின்ன வேலை, விட்டாப் பெரிய செலவு. கொம்பனிக்கு அடிச்சு பேஸ்மேக்கர் வச்சது, டிவிஎல்ஏ-க்கு அறிவிச்சது, டொக்டர் ஓடலாம் எண்டு சொன்ன திகதி மூண்டையும் சொல்லுங்கோ. கதைச்ச ஆளின்ர பேரையும் நேரத்தையும் எழுதி வையுங்கோ, முடிஞ்சா ஈமெயில்ல உறுதிப்படுத்தச் சொல்லுங்கோ. அடுத்த வருசம் விலை ஒப்பிடுற வெப்சைட்டில புதுசா எடுக்கேக்க, டிவிஎல்ஏ-க்கு அறிவிக்க வேண்டிய வருத்தம் இருக்கோ எண்டு ஒரு கேள்வி வரும், பழக்கத்தில "இல்லை" எண்டு அமத்திப் போட்டுப் போறவை கனபேர். கிளெய்ம் வரேக்க தான் அது வெளியால வரும்.

9. முதல் நாள் காரில ஏறேக்க

இதை ஒருத்தரும் சொல்லித் தாறதில்லை, எங்களுக்கும் ஆஸ்பத்திரி வாசல்ல தான் விளங்கினது.

பேஸ்மேக்கர் அனேகமா இடது பக்கத் தோள் எலும்புக்குக் கீழ தான் வைப்பினம். இஞ்சை ஸ்டியரிங் வலது பக்கம், ஓடுறவருக்கு பெல்ட் வலது தோளால வந்து இடது இடுப்புக்குப் போகும், காயத்தில படாது. ஆனா பக்கத்துச் சீட்டில இருந்தா பெல்ட் இடது தோளால, நேரே அந்தத் தையலுக்கு மேலால தான் வரும். என்ர மனுசனை நான் கூட்டிக்கொண்டு வரேக்க முன்னுக்கு ஏத்தினன், முதல் வேகத்தடையில பெல்ட் இறுக அவர் பல்லைக் கடிச்சார். பிறகு நிப்பாட்டி, எனக்குப் பின்னால இருக்கிற சீட்டுக்கு மாத்தினன். அங்கை பெல்ட் வலது தோளால வரும். ஆகவே முதல் கிழமையள் ஆரேன் கூட்டிக்கொண்டு போனா, ட்ரைவருக்குப் பின்னால ஏறுங்கோ. வலது பக்கம் பெட்டி வச்சவைக்கு எல்லாம் மறுவளம்.

நோகுது எண்டு பெல்ட்டைக் கைக்குக் கீழால விடுறது, போடாமல் விடுறது ரெண்டும் வேண்டாம். ஒரு சின்னத் துவாயை மடிச்சு பெல்ட்டுக்கும் காயத்துக்கும் இடையில வையுங்கோ. பாரிஸுக்கோ சுவிஸுக்கோ போய் அங்கத்தைக் கார் வாடகைக்கு எடுக்கிறவைக்கு ஸ்டியரிங் இடது பக்கம், அப்ப ஓடுறவருக்கே பெல்ட் அந்த மேட்டில வந்து படும், துவாயைக் கொண்டு போங்கோ.

அடுத்தது கை. இடது கையைத் தோளுக்கு மேல தூக்க வேண்டாம் எண்டு 4 தொடக்கம் 6 கிழமை வரைக்கும் சொல்லுவினம், வயர் இழுபட்டு இடம் மாறக்கூடாது எண்டு. கியரும் ஹான்ட்பிரேக்கும் இடது கைக்குத் தான், ஆனா அது தோளுக்குக் கீழ, அதால பிரச்சனை இல்லை, நோ இருக்கும் அவ்வளவு தான். பிரச்சனை வாறது பின் சீட்டில கிடக்கிற பாக்கை இருந்த இடத்தில இருந்தே எட்டி எடுக்கேக்க, திறந்த டிக்கியின்ர மூடியை இடது கையால இழுத்துச் சாத்தேக்க, ரிவர்ஸ் பண்ணேக்க இடது கையைப் பக்கத்துச் சீட்டின்ர தலைக்கு மேல போட்டுத் திரும்பேக்க. இந்த மூண்டும் பழக்கத்தில தானா வரும். அதுக்காகக் கையை ஒரேயடியா அசைக்காமல் வச்சிருக்கவும் கூடாது, தோள் இறுகிப் போகும், பிறகு ஸ்டியரிங் திருப்பவே ஏலாமல் வரும்.

வீட்டு வீதியில நிப்பாட்டி வச்சே ஒருக்கா ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கோ, அவசர பிரேக் ஒருக்கா அமத்திப் பாருங்கோ. நோவில கை பின்வாங்கினா அண்டைக்கு ஓட வேண்டாம், ஒரு கிழமை முடிஞ்சிருந்தாலும். நித்திரைத் தூக்கம் வாற நோக் குளிசை குடிச்சாலும் அண்டைக்கு வேண்டாம்.

போனை இடது சட்டைப் பொக்கெற்றில வைக்காதேங்கோ, பெட்டியில இருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், புதுப் போன்களில காந்தம் இருக்கு. பொனெற்றைத் திறந்து ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினுக்கு மேல குனியவும் வேண்டாம்.

10. மினிகாப், பஸ், டெலிவரி செய்யிறவை

லண்டன்ல மினிகாப் ஓடுறவைக்கு முக்கியமான விசயம்: ஓடுறது கார் எண்டாலும் டிஎஃப்எல் (லண்டன்ல மினிகாப் லைசென்ஸ் குடுக்கிற போக்குவரத்து அலுவலகம்) ரெண்டாவது குறூப் மருத்துவ விதியைத் தான் கேக்கும். ஆகவே உங்கட சொந்தக் காரில மனுசியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக 1 கிழமை, ஆள் ஏத்தி உழைக்க 6 கிழமை. டிவிஎல்ஏ-க்குச் சொன்னது டிஎஃப்எல்-க்குச் சொன்னதா ஆகாது, அதுக்குத் தனியா அறிவிக்கோணும். மற்ற ஊரில கவுன்சில் தான் மினிகாப் லைசென்ஸ் குடுக்கிறது, அவையிட்ட கேளுங்கோ.

சாதாரண வான்ல பார்சல் குடுக்கிறவை முதல் குறூப் தான், ஆனா பார்சல் தூக்கிறது இடது கையால. கார் ஓடலாம் எண்டு சொன்னது பாரம் தூக்கலாம் எண்டு சொன்னதில்லை. டொக்டரிட்ட வேலை என்ன எண்டதை விளக்கமாச் சொல்லிக் கேளுங்கோ.

11. பேஸ்மேக்கர் இல்லை, வேற இதய வருத்தம் எண்டா

கார் ஓடுறவைக்குச் சுருக்கமா. ஸ்டென்ட் (அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக் குழாய்) வச்சு எல்லாம் சரியா முடிஞ்சா 1 கிழமை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் சரியா வச்சு, இதயம் பம்ப் பண்ணுற அளவு 40 வீதத்துக்குக் குறையாமல், அடுத்த 4 கிழமைக்குள்ள வேற வைத்தியத் திட்டமும் இல்லாட்டி 1 கிழமை, இல்லாட்டி 4 கிழமை. பைபாஸ் எண்டா 4 கிழமை. இதுகளுக்குக் காரோட்டிகள் டிவிஎல்ஏ-க்குச் சொல்லத் தேவையில்லை, பேஸ்மேக்கருக்குத் தான் சொல்லோணும், இதையும் கனபேர் மாறி விளங்கி வச்சிருக்கினம். நெஞ்சு நோ சும்மா இருக்கேக்கயே, அல்லது ஸ்டியரிங்கில இருக்கேக்க வந்தா கட்டுப்பாட்டுக்கு வரும் வரைக்கும் ஓட ஏலாது.

லொறி, பஸ் ஆக்கள் இதுகளையும் சொல்லோணும். அவைக்கு மாரடைப்புக்குப் பிறகு 6 கிழமை, பைபாஸுக்கு 3 மாதம், அதுக்குப் பிறகு ட்ரெட்மில் டெஸ்ட்டில 9 நிமிசம் தாக்குப் பிடிக்கவும் வேணும். அந்த 9 நிமிசத்துக்கு இப்பவே நடக்கத் தொடங்குங்கோ, டெஸ்ட்டுக்கு முதல் கிழமை தொடங்கி வேலையில்லை.

12. ஓடத் தொடங்கின பிறகு

செக்-அப்பைத் தவறவிடாதேங்கோ. பெட்டியை வெளியால இருந்தே ஒரு கருவியை வச்சு வாசிப்பினம், பற்றரி, வயர் எல்லாம் அதில தெரியும். திரும்பத் தலைச்சுத்து, நினைவு தப்பினது, நெஞ்சு படபடப்பு, காயம் சிவந்து வீங்கினது எண்டு ஏதும் வந்தா காரை நிப்பாட்டி கிளினிக்குக்கு அடியுங்கோ. நினைவு தப்பினா டிவிஎல்ஏ-க்கும் திரும்பச் சொல்லோணும், முந்திச் சொன்னது இதுக்குக் காணாது.

70 வயசில லைசென்ஸ் முடியும், அதுக்கு 90 நாள் முந்தி டி46பி எண்ட ஃபோம் வரும், பிறகு 3 வருசத்துக்கு ஒருக்கா, காசில்லை. அந்த ஃபோமிலயும் பேஸ்மேக்கரைக் குறிப்பிடோணும். அதே நேரம் பழைய சி1, டி1 தானாப் போயிடும், வேணுமெண்டா தனியா மருத்துவச் சோதனையோட கேக்கோணும்.

பற்றரி முடிய பெட்டியை மாத்துவினம், கன வருசத்துக்குப் பிறகு. அப்ப திரும்ப 1 கிழமை ஓடாமல் இருந்து, திரும்ப எச்1 அனுப்போணும். என்ர மனுசனின்ர முதல் ஃபோமின்ர படங்கள், டொக்டர் கடிதம், தபால் அத்தாட்சி எல்லாத்தையும் ஒரு கவரில போட்டு அடையாள அட்டையின்ர கொப்பியோட காரின்ர கிளவ் பொக்ஸுக்குள்ள வச்சிருக்கிறன், அடுத்த தரம் பேர், விலாசம், திகதி தேடி ஓடத் தேவையில்லை.